நிமிடத்துக்கு ஒரு செய்தி

மாட்டுப் பொங்கலன்று காலை பத்து ஐம்பதுக்குத் திரையில் 3,22,294 என்று இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்து, மூடியைத் திருகி வைத்துவிட்டு இசக்கிசெல்வி நிமிர்ந்தபோது அது 3,22,295 ஆகியிருந்தது. கூடியது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றும் கூடியிருக்கக் கூடாது.

கம்பெனிக்கு நான்கு நாள் விடுமுறை. கார் கதவுகளுக்கான தகடுகளை அடித்து வளைக்கிற பன்னிரண்டு பிரஸ்களுக்கும் போகி அன்றைக்கே மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு பிரஸ்ஸின் பக்கத்திலும் ஆபரேட்டர்கள் புகார் அனுப்புவதற்காக வைத்திருக்கும் சின்னத் திரைகள், அவற்றைப் பேனல் என்பார்கள், எல்லாமே அணைந்து கிடந்தன. வல்லம் வடகால் தொழிற்பேட்டை முழுக்கவே அப்படித்தான் அடங்கியிருந்தது. கன்டெய்னர் லாரிகளின் உறுமலும் ஷிப்ட் பஸ்களின் ஹாரனும் இல்லாத அந்த வெளிச்சமான காலை நேரத்தில், ஏசியின் இரைச்சலும், எங்கோ ஊருக்குள் கட்டியிருந்த மைக் செட்டின் முனகலும், கீழே ஷெட்டிலிருந்து படியேறி வரும் பிரஸ் எண்ணெயின் கனத்த நெடியும் மட்டுமே அவளோடு இருந்தன.

ஐ.டி. அறை ஷெட்டுக்கு மேலே, மாடி மாதிரி தூக்கிக் கட்டிய தளத்தில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் நின்று பார்த்தால் பன்னிரண்டு பிரஸ்களும் இரண்டு வரிசையாகத் தெரியும். கூரையில் அங்கங்கே பதித்திருந்த ஒளி ஊடுருவும் ஷீட்டுகள் வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்கி, பிரஸ்களுக்கு நடுவில் தரையில் கிடந்தது. செல்விக்கு வயது இருபத்தேழு. கடையநல்லூர்ப் பக்கம். ஒரகடத்தில் அறையில் கூட இருந்த பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்ற இந்த நான்கு நாளை விட்டால் வேறு நாள் இல்லை என்று மேனேஜர் பகலவன் சொன்னதால் அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

3,22,296.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது மெசேஜ் க்யூ. கம்பெனிக்குள் ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அனுப்புகிற செய்திகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, உரிய இடத்தில் கொண்டு சேர்க்கிற மென்பொருள். தபால் ஆபீஸ் மாதிரிதான். முகவரி இல்லாத கடிதத்தையும் படிக்க முடியாத கடிதத்தையும் தபால் ஆபீசில் ஒரு மூலையில் போட்டு வைப்பதுபோல இதிலும் ஒரு மூலை உண்டு. டெட் லெட்டர் க்யூ என்று பெயர். செத்த கடிதங்களின் வரிசை. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சர்வரில் இடம் நிரம்பிவிட்டது என்று கூச்சல் வந்தால் ஒரேயடியாகத் துடைத்துப் போடுவார்கள்.

இப்போது அந்த மூலையில்தான் நிமிடத்துக்கு ஒன்று என்று வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஏதோ ஒரு புரோகிராம் சுற்றிச் சுற்றி அதே செய்தியை அனுப்புகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படி நடப்பது உண்டு. கடைசியாக வந்ததைத் திறந்தாள். உள்ளே கேள்விக்குறிகளும், தலையில் கொம்பும் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளும் கலந்து ஒரு வரி. கீழே காரணம்: எழுத்து மாற்ற முடியவில்லை. வந்த நேரம்: இன்று, 10:53.

அனுப்பிய இடம்: பேனல் ஏழு.

செல்வி எழுந்து கண்ணாடிக்குப் போனாள். இடப்பக்க வரிசையின் கோடியில் ஏழாம் பிரஸ் நின்றது. மற்றவற்றைவிட அது உயரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெயில் பட்டை ஒன்று அதன் தோள்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டதுபோல இருந்தது. அதன் பக்கத்து இரும்புத் தூணில் பேனல் இருந்த இடத்தில் இரண்டு போல்ட் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. அந்தப் பேனலைக் கழற்றி ஏழு மாதம் ஆகிறது.

அவள் போனை எடுத்தாள். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் யாக்கோபு காலையிலிருந்து கீழேதான் இருந்தார். வல்லத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பொங்கல் கழித்து ஏழாம் பிரஸ்ஸை மறுபடி ஓட்டப் போகிறார்கள் என்பதால் அதைத் துடைத்துச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னாமா?"

"அண்ணே, ஏழாம் பிரஸ்ஸோட பழைய பேனல் எங்க இருக்கு? ஸ்டோர்லயா?"

"அத விசாரணைக்கு வந்தவங்க கையோட எட்த்துக்கினு பூட்டாங்களே. சாக்குல கட்டி, அரக்கு வெச்சி. நான்தான் கையெழுத்து போட்டேன். இன்னாத்துக்குக் கேக்குற?"

"ஒண்ணுமில்லண்ணே."

"டீ வோணும்னா ஃப்ளாஸ்க்குல கீது. எறங்கி வா."

அவள் இறங்கிப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் நடந்ததை அவள் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். ஆபரேட்டர்கள் பேனலில் தமிழில் தட்டிய புகார்கள் அதுவரை மெயின்டனன்ஸ் அறைத் திரைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. பழைய பேனல்கள். கணினிக்கு எழுத்து என்பது வெறும் எண்தான், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டுதான் அது படிக்கும். அந்தப் பேனல்களிடம் இருந்தது யுனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ் அட்டவணை. வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் ஆங்கில அட்டவணைக்கு மாற்றச் சொன்னது. முதலில் ஒரே ஒரு பிரஸ்ஸில் சோதித்துப் பார்க்கலாம் என்றார் பகலவன். ஏழாம் பிரஸ். ஜூன் மூன்றாம் தேதி மாலை செல்விதான் அந்த அமைப்பை மாற்றினாள். மாற்ற முடியாத செய்தி வந்தால் எச்சரிக்கை மெயில் வரும்படி ஒரு கட்டம் இருந்தது. "அத எடுத்துடு செல்வி, மெயில்பாக்ஸ் நெறைஞ்சிடும்" என்றார் அவர். எடுத்துவிட்டாள். ஒரு க்ளிக்.

ஐந்தாம் தேதி மதியம் ஏழாம் பிரஸ்ஸில் உச்சிமாகாளி என்ற ஆபரேட்டர் நசுங்கிச் செத்தான். சங்கரன்கோவில்காரன். இருபத்து மூன்று வயது. மெஷினில் கோளாறு என்று எந்தப் புகாரும் கொடுக்காமல் அஜாக்கிரதையாக உள்ளே போனான் என்று விசாரணையில் முடிவானது. ஏழாம் பேனலிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை என்று எழுதிய தாளில் செல்வி கையெழுத்துப் போட்டாள். மெயின்டனன்ஸ் திரையைப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை, அதனால் போட்டாள். வேறு எங்கும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லையா, பார்க்க வேண்டாம் என்று தோன்றியதா என்று அதற்குப் பிறகு அவளால் சொல்ல முடிந்ததில்லை.

அவன் அம்மா செல்லம்மாள் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். செல்வியின் பேச்சைக் கேட்டு நம்ம ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ தாயி, எம்புள்ள ஒரு வார்த்தையும் சொல்லலியாம்மா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

3,22,312.

செல்வி அந்த வரிசையின் தலைப்பகுதிக்குப் போனாள். மிகப் பழைய செய்தி ஜூன் ஐந்து, பகல் 1:42. பேனல் ஏழு. அதே கொம்பு முளைத்த எழுத்துகள். அட்டவணை என்ற இடத்தில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுப் பழைய தமிழைத் தேர்ந்தெடுத்தாள். விரல் சுட்டியின் மேலேயே நின்றது. அழுத்தினாள்.

சேஃப்டி கம்பிக் கதவு மூடாமலே பிரஸ் எறங்குது. வந்து பாருங்க.

இரண்டாவது, 2:20. மறுபடியும் தானா எறங்குச்சு. மெயின்டனன்ஸ் வாங்க.

மூன்றாவது, 2:55. ரெண்டு தடவ சொல்லிட்டேன். ஒருத்தரையும் காணல. பயமா இருக்கு.

நான்காவது, 3:19. தகடு சிக்கிக்கிட்டு. சூப்பர்வைசர் எடுக்கச் சொல்லுதாரு. உள்ள போறேன். யாரும் பட்டன தொடாதிய.

அறையில் ஏசி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அவளுக்குக் காதுக்குள் ஒரு ரீங்காரம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வாயில் ஏதோ இரும்பை நக்கியதுபோல ருசி. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் விரல், அவளைக் கேட்காமல், ஐந்தாவது செய்தியைத் திறந்தது.

ஜூன் ஐந்து, 3:21.

இன்னும் உள்ளதான் இருக்கேன்.

ஆறாவது, 3:22. இன்னும் உள்ளதான் இருக்கேன்.

ஏழாவது. எட்டாவது. நூறாவது. ஜூலை. ஆயுத பூஜை அன்று காலை. தீபாவளி. டிசம்பரில் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்த அன்று. நேற்று பொங்கல் பானை பொங்குகிற நேரம். எங்கே கைவைத்துத் திறந்தாலும் அதே வரி. இடைவெளி அறுபது வினாடி. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மணி பதினொன்று இருபது. எண் 3,22,324. முதல் நான்கு புகாரைக் கழித்தாள். மீதியை ஒரு நாளின் நிமிடங்களால் வகுத்தாள். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே கணக்கை வாய்விட்டுச் சொன்னாள், தன் குரலையாவது கேட்க வேண்டும் என்பதற்காக. இருநூற்று இருபத்து மூன்று நாள், இருபது மணி நேரம். இன்றையிலிருந்து பின்னால் எண்ணினால் ஜூன் ஐந்து, மூன்று இருபது, அவன் செத்ததாக விசாரணைத் தாளில் இருந்த நேரம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பகலவனைக் கூப்பிட்டாள். பின்னால் டி.வி. சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டன.

"சார், டெட் லெட்டர் க்யூல மூணு லட்சம் மெசேஜ் இருக்கு."

"குப்பைதான? க்ளியர் பண்ணிட்டு வேலையப் பாரு."

"அதுல உச்சிமாகாளி அனுப்புனது இருக்கு சார்."

டி.வி. சத்தம் தேய்ந்தது. எழுந்து வேறு அறைக்குப் போகிறார். கதவு மூடும் சத்தம்.

"செல்வி. விசாரணை முடிஞ்சு ஃபைல மூடியாச்சு. நான் கையெழுத்து போட்டிருக்கேன். நீயும் போட்டிருக்க. இப்ப அதக் கிளறினா முதல்ல போறது உன் வேலதான். புரியுதா?"

"இன்னும் வந்துக்கிட்டே இருக்கு சார். இப்பவும்."

"எது?"

அவள் திரையைப் பார்த்தாள். எண் இன்னொன்று கூடியது.

"க்ளியர் பண்ணு. பண்ணிட்டு எனக்கு மெசேஜ் போடு." வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தான் வலது மூலையில் இருந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. செல்வி அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மைக் செட் எப்போதோ நின்றுபோயிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெயில் பட்டைகள் ஒரு அடி நகர்ந்திருந்தன. கீழே ஸ்பேனர் இரும்பில் தட்டும் சத்தம் ஒருமுறை கேட்டது, பிறகு இல்லை. எண் ஓடியது. 365. 366. 367. கடைசிச் செய்தி திரையின் அடியில் நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டிருந்தது, அவள் மாற்றி வைத்த அட்டவணையில், சுத்தமான தமிழில்.

இன்னும் உள்ளதான் இருக்கேன்.

இன்னும் உள்ளதான் இருக்கேன்.

12:05. எண் 3,22,369.

யாரோ உள்ள வந்திருக்காவ.

செல்வி அதை இரண்டு தரம் படித்தாள்.

பிறகு பாய்ந்து கண்ணாடிக்குப் போனாள். ஏழாம் பிரஸ்ஸின் முன்னால் யாக்கோபுவின் கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. ஃப்ளாஸ்க் இருந்தது. ஆள் இல்லை.

யாக்கோபுவின் நம்பரைப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். அவர் குரல் இரும்புக்குள்ளிருந்து எதிரொலித்தது.

"இன்னாமா, உள்ள கீறேன். கை முழுக்க எண்ணெ."

"அண்ணே வெளிய வாங்க."

"தோ, முடிஞ்சிச்சி. ரெண்டு நிமிசம்."

"அண்ணே இப்பவே வாங்க!"

"கரண்டே இல்லமா இங்க. பூட்டுச் சாவி என் ஜோபியில கீது. முட்டு குட்த்திருக்கேன். இன்னாத்துக்குக் கத்துற?"

திரும்பித் திரையைப் பார்த்தாள். 12:06.

எறங்குது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. பதினெட்டு இரும்புப் படிகள். கடைசியில் முழங்கால் தரையில் மோதியது. ஷெட்டுக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. எண்ணெய் நெடி தொண்டையை அடைத்தது. செருப்பு வழுக்கியது. உதறினாள். வெறுங்காலில் ஓடினாள். வெயில் பட்டை. இருட்டு. வெயில் பட்டை. இருட்டு.

"யாக்கோபு அண்ணே! பகலவன் சார் கேட்ல நிக்காரு! உங்களக் கூப்பிடுதாரு! சீக்கிரம்!"

பொய்தான் வந்தது வாயில். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே உள்ளேயே இருந்திருப்பார்.

பிரஸ்ஸின் வாய்க்குள்ளிருந்து முதலில் டார்ச் வெளிச்சம் வந்தது. பிறகு ஒரு கை. பிறகு தலை. "இன்னாத்துக்கு இந்தாளு இன்னிக்கி வந்துகினு..." முனகியபடி அவர் முட்டிபோட்டு நகர்ந்து, காலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றார். கையைத் துணியில் துடைத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அது இறங்கியது.

சத்தமே இல்லாமல். மேலே தொங்குகிற அந்த இரும்புப் பாளம், மேல்டை என்பார்கள், ஓர் அறை அளவு பெரியது, பெரிய மிருகம் படுப்பதுபோல மெல்ல, நிதானமாக இறங்கி, அதற்கு ஜோடியாகக் கீழே பதித்திருந்த கீழ்டையின் மேல் உட்கார்ந்தது. கடைசியில் ஒரு "தும்". காதில் கேட்டதைவிட வெறும் பாதத்தில்தான் அது தெரிந்தது.

யாக்கோபு திரும்பிப் பார்த்தார். மெயின் சுவிட்சைப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. பூட்டு தொங்கியது. சட்டைப்பையைத் தடவினார். சாவி இருந்தது.

"முட்டு..." என்றார்.

மேல்டை இறங்காமலிருக்க அவர் நிறுத்தி வைத்த இரண்டு இரும்புத் தூண்களும் பிரஸ்ஸுக்கு வெளியே, தரையில், பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காகப் படுக்க வைத்தாற்போலக் கிடந்தன.

"நான் உள்ளதான்மா நிறுத்தினேன். ஏசுவே. என் கையால நிறுத்தினேன்."

செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பின்வாக்கிலேயே நடந்தார்கள். பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்ட இருவருக்கும் தைரியம் வரவில்லை.

படிக்கட்டின் அடியில் அவர் நின்றுவிட்டார். "உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

அங்கேயே நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டவணையை மாற்றியதை, எச்சரிக்கையை எடுத்ததை, கையெழுத்தை. எதையும் பகலவன் தலையில் போடவில்லை. அவள் முடித்ததும், "எனக்குக் காட்டு" என்றார் யாக்கோபு.

"வேண்டாம்ணே. வெளிய போயிடுவோம்."

"அந்தப் புள்ள இன்னாத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலனு ஏழு மாசமா தூக்கம் வராம கீறேன். அன்னிக்கி நான் அறுவது அடி தூரத்துலதாமா இருந்தேன். காட்டு."

மேலே போனார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணெய்க் கையைத் திரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, நான்கு செய்தியையும் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாய்விட்டுப் படித்தார். நான்காவதில் குரல் உடைந்தது. பட்டன தொடாதிய. அதை மட்டும் மூன்று தரம் சொன்னார். பிறகு ஐந்தாவதையும் ஆறாவதையும் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இத எங்க போவணுமோ அங்க அனுப்பு. எங்க ரூம் திரைக்கு. மேனேஜருங்களுக்கு. அல்லாருக்கும்."

"என் வேல போயிடும்ணே."

சொன்ன உடனே அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாக்கோபு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே 12:30 ஆகியிருந்தது. எண் 3,22,394.

செல்வி அமைப்பைத் திறந்தாள். ஏழாம் பேனலுக்குப் பழைய தமிழ் அட்டவணையைப் போட்டாள். போகிற இடத்துக்கு யுனிகோடு. எச்சரிக்கைக் கட்டத்தில் மறுபடி டிக். செத்த வரிசையில் கிடக்கும் அத்தனையையும் உரிய முகவரிக்கும் மேனேஜர்களின் மெயிலுக்கும் திருப்பி அனுப்பு என்ற கட்டளையை அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

எண் குறையத் தொடங்கியது. முதலில் நூறு நூறாக. பிறகு கண்ணால் தொடர முடியாத வேகத்தில். சுவரில் மாட்டியிருந்த இரண்டாவது திரையில், மெயின்டனன்ஸ் அறையில் தெரிவது அப்படியே இங்கேயும் தெரியும், முதல் நான்கு வரிகள் மின்னி மறைந்தன. பிறகு அந்த ஒரே வரி, அருவி மாதிரி, மேலிருந்து கீழே கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் உள்ளதான் இன்னும் உள்ளதான் இன்னும் உள்ளதான். செல்வியின் போன் அதிர்ந்தது. பகலவன். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

பதினோரு நிமிடம். எண் சுழியம் ஆனது.

சுவர்த் திரையிலும் புது வரி வரவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் கழிந்தது. சுழியம். இரண்டு நிமிடம். சுழியம். மூன்று. வெளியே எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணிச் சத்தமும் பிள்ளைகள் கூவுகிற சத்தமும் வந்தன. யாக்கோபு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. செல்விக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். சங்கரன்கோவிலில் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று ஃபைலில் இருக்கும். உங்க பிள்ளை சொன்னாம்மா, நாலு தடவ சொன்னான் என்று சொல்ல வேண்டும்.

எண் அசையவில்லை. ஆனால் ஒரு செய்தி வந்தது.

இந்த முறை எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. செய்தி நேராகச் சுவரிலிருந்த திரைக்கே போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து.

படிச்சிட்டியளா. அப்ப வந்து எடுங்க.

யாக்கோபு எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காத" என்றார். "பாப்பா, பாக்காத."

பார்த்தாள்.

மேல்டை ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல். பூட்டுப் போட்ட சுவிட்சோடு. ஒரு சாண். இரண்டு சாண். வெயில் பட்டை இப்போது நேராக ஏழாம் பிரஸ்ஸின் வாய்க்குள் விழுந்தது. மேலேறும் இரும்போடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நீல நிறம். கம்பெனி யூனிபார்மின் நீலம். முதலில் அது துணி என்று நினைத்தாள். அது மெல்ல, ஓரத்திலிருந்து, உரிந்தது. தொங்கியது. தகடு கனம்தான் இருந்தது. வளைவு வளைவாக, மடிப்பு மடிப்பாக, கைப்பிடிக்கான பள்ளத்தோடு, கண்ணாடி இறங்கும் இடைவெளியோடு. தினமும் ஆயிரக்கணக்கில் அடித்து அனுப்புகிற அதே கார்க் கதவின் வடிவம்.

அதன் மேல் மூலையில் முடி இருந்தது.

அது அசைந்தது. காற்றில் அசையவில்லை. கீழ்டையின் விளிம்பில் மடிந்து, வெளியே வழிந்தது. ஒரு சட்டைக்கை நீண்டது, தட்டையாக, இஸ்திரி போட்டதுபோல. அதன் நுனியில் இருந்த ஐந்து விரல்கள் மட்டும் நசுங்கவே இல்லை. உருண்டையாக, ஈரமாக, உயிரோடு. அவை இரும்புத் தூணைத் தடவித் தடவி மேலேறின. இரண்டு போல்ட்களுக்கு நடுவே வெற்றிடத்தில் நின்றன. சுட்டுவிரல் நீண்டு, அங்கே இல்லாத ஓர் எழுத்தை அழுத்தியது. அடுத்ததைத் தேடியது. அழுத்தியது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக.